அன்புச்செல்வியின் கட்டைவிரல்

படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்புச்செல்வியின் வலது கட்டைவிரல் ரிமோட்டின் மேல் தயாராக இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரையில், எதிரி நாட்டில் விமானத்தோடு விழுந்துவிட்ட ஆங்கிலேய விமானி ஒருவன் வைக்கோல் போருக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறான். எங்கோ நாய் குரைக்கிறது. எதிரே முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கடல். அவன் ஓடத் தொடங்குகிறான். விரல் அழுந்துகிறது. ஒரு காலைத் தூக்கியபடி விமானி அப்படியே நின்றுவிடுகிறான்.

"ஏய், இன்னா நீ!" என்கிறார் கட்டிலில் சாய்ந்திருக்கும் முருகையன், அவள் கணவர்.

"பைப்புல தண்ணி வருதா பாத்துட்டு வரேன், இரு."

அந்நேரத்துக்குத் தண்ணீர் வராது. அது அவளுக்கும் தெரியும். கொல்லையில் போய் நிற்பாள். கொடியில் காயும் விரிப்புகளின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். திரும்பி வந்து டிவியை அணைத்துவிடுவாள். இரண்டு வருடமாக அந்த விமானி வேலியைத் தாண்டவில்லை.

ஏன் அக்கா இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "நிறுத்தி வச்சா அவன் மாட்ட மாட்டான் தம்பி. ஓட வுட்டாத்தான் பேஜாரு" என்றாள்.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் விடுதி இருக்கிறது. அறைகளைப் பெருக்குவது, விரிப்புகளைத் துவைப்பது, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் இத்தாலிக்காரியின் முதுகைத் தட்டிக்கொடுப்பது, எல்லாம் அன்புச்செல்விதான். பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையும் அவர்களுக்கு. முன்னறையில் உட்கார்ந்து வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறவன் நான். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். கடலைக்காட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாத குடும்பத்தில் முதல் பட்டதாரி, அதுவும் ஆங்கில இலக்கியம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட என் அப்பா இதைச் சொல்லிவிடுவார். நானும் தடுப்பதில்லை.

படங்கள் மூன்றாம் நம்பர் அறையில் குளிர்காலம்தோறும் வந்து தங்கிய இங்கிலாந்துப் பெரியவருடையவை. காலையில் கண்ணை மூடித் தியானம், மாலையில் கண்ணைத் திறந்து யுத்தம். எல்லாம் அவர் சின்னப் பையனாக இருந்தபோது நடந்த யுத்தத்தைப் பற்றிய பழைய படங்கள். முழங்கால் இனி விமானப் பயணத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆனதும், டிவிடி நிறைந்த அட்டைப் பெட்டியையும் பிளேயரையும் அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதும் எனக்கு எழுதுவார்: அன்புவுக்கு எந்தப் படத்தின் முடிவு பிடித்திருந்தது? இதுவரை ஒரு படத்தின் முடிவைக்கூட அவள் பார்த்ததில்லை என்று நான் எப்படி எழுதுவது?

பெட்டியில் இரண்டு ஜாதிப் படங்கள் இருக்கின்றன. ஒன்று சாகசம். சிறைமுகாமில் நாடகம் போடுவார்கள். கைதட்டல் சத்தத்துக்கு நடுவே பின்சுவரை இடித்துத் தப்புவார்கள். இன்னொன்று கேலி. பல்லுப்போன கிழவர்கள் துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்துக் கடற்கரையைக் காவல் காப்பார்கள். மாட்டின் கழுத்துமணியைக் கேட்டு எதிரி வந்துவிட்டான் என்று ஊரையே எழுப்புவார்கள். அக்காவுக்குச் சாகசம். முருகையனுக்குக் கேலி.

"கெட்டிக்காரன் மாட்டிக்குவான்டி. இவனுங்களப் பாரு, சட்டைக்குப் பட்டன்கூட ஒழுங்கா போடத் தெரில. இவனுங்கதான் ஜெயிப்பானுங்க."

"சிரிக்கிற யுத்தம் எனக்கு வேணாம். யுத்தம்னா வயித்தக் கலக்கணும்."

வசனத்துக்கு நான். "தம்பி, இன்னா சொல்றான் அவன்?" என்று குரல் வந்தால் முன்னறையிலிருந்து எழுந்து போய்ச் சொல்வேன். இங்கிலாந்துப் படைத்தலைவன் பேசுவது தமிழில் என் வாயால் அந்தப் பின்கட்டில் கேட்கும்போது, மூன்று வருடம் படித்தது வீண்போகவில்லை என்று தோன்றும்.

முருகையன் டீ மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு தடவை மருத்துவமனைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். குடிக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் காலில் தேங்கும், முகத்தில் தேங்கும், கடைசியில் நெஞ்சில் தேங்கி மூச்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அக்கா சின்ன டம்ளரில் அளந்து கொடுக்கிறாள். ஊருக்கே டீ ஆற்றிக் கொடுத்தவர் ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிறார்.

இந்தப் படங்களிலோ எப்போது பார்த்தாலும் டீ. கப்பல் மூழ்கினால் டீ. குண்டு விழுந்து வீடு பாதியாக நின்றால், நிற்கும் பாதியில் டீ. திரையில் கெட்டில் தலைகாட்டியதும் அக்காவின் கட்டைவிரல் பக்கத்துப் பொத்தானுக்குத் தாவும். படம் தடதடவென்று ஓடிவிடும்.

"கப்பு சத்தம் கேட்டுச்சு."

"சூப்பு குடிக்கிறானுங்க."

"சூப்புக்கு இன்னாத்துக்குடி சாஸரு? டிகாஷன் எந்தக் கலருனு மட்டும் பாத்துக்கிறேன், பின்னால போ."

"கறுப்பு வெள்ளப் படத்துல கலரு பாக்கப் போறாராம்."

ஆக, முடிவும் டீயும் இல்லாமல்தான் அந்த வீட்டில் யுத்தம் நடக்கிறது.

அந்தப் படங்களிலிருந்து அவள் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. கையில் சுமையோடு நடப்பவனை யாரும் நிறுத்துவதில்லை. ஏணி தூக்கியவன் காவல்காரனைத் தாண்டிப் போய்விடுகிறான். வெறுங்கையோடு போனவன் மாட்டிக்கொள்கிறான். அதனால் எங்கே போனாலும் இடுப்பில் ஒரு விரிப்பு மூட்டை. வங்கியில் வரிசை அவளுக்கு வழிவிடும். மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் மூட்டையோடு நேராக வார்டுக்குள் நடப்பாள். காவலாளி லிப்ட் கதவைப் பிடித்துக்கொள்வார். "பாத்தியா, ஒருத்தன் கேக்கல" என்று திரும்பி வந்து சொல்லும்போது முகத்தில் ஒரு தளபதி தெரிவான்.

ஆனால் ஒன்று. வார்டுக்குள் எப்படியும் புகுந்துவிடுகிறவள், ஊசி எடுக்கும் நேரத்தில் வெளியே வந்துவிடுவாள். பார்க்க மாட்டாள்.

இந்தச் சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் அவருடைய முறை. போனால், மெஷின் பழுது, நாளைக்கு மத்தியானம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு என்றால் பௌர்ணமி. மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும். கோயிலில் தொடங்கும் கூட்டம் எங்கள் சந்து வாசல் வழியாகத்தான் மேற்கே நகரும். மருத்துவமனையோ ஊருக்குள், கூட்டம் வரும் திசையில். வண்டி எதுவும் சாலையில் வர முடியாது.

"போலீஸ்கிட்ட ஆஸ்பத்திரி சீட்டக் காட்டினா வுடுவாங்கக்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. போன கார்த்திகை தீபத்தன்று அப்படித்தான் உண்மையைச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் ஒரு போலீஸ்காரர் இவர்களைப் பக்தர்களுக்கான முதலுதவிப் பந்தலில் உட்காரவைத்து, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. வெயிலில் வாடியிருக்கிறார் என்று யாரோ உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். தாகத்தில் முருகையன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். அன்றைக்கு அவர் பிழைத்ததே பெரிது.

"நெசத்தச் சொல்லித்தான் மாட்டிக்கினோம். இந்த வாட்டி படத்துல வர மாதிரி" என்றாள் அக்கா.

கட்டிலின் மேல் திட்டம் விரிந்தது. விரிப்பின் மடிப்புதான் செங்கம் சாலை. துணி கிளிப்புகள் கூட்டம். ரிமோட் போலீஸ் தடுப்பு. தெற்கே பிரியும் தெரு முனையில், தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆட்டோக்கார மாறன் வண்டியோடு காத்திருப்பான். அதுவரை சக்கர நாற்காலியில் கூட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். பௌர்ணமியன்று எதிரே வருகிறவனைக் கூட்டமே திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பாதையில் எந்தத் திசையில் நடந்தாலும் யாரும் கேட்காதவர்கள் சாமியார்கள் மட்டும்தான்.

"நீதான் சாமி" என்றாள் முருகையனிடம். "தம்பி சீடரு. நான் மூட்டையோட முன்னால போறேன்."

முருகையன் வீங்கிய முகத்தோடு சிரித்தார். "இது என் படம்டி. உன் படம் இல்ல."

மறுநாள் காலையிலிருந்தே அவருக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் அடைக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தார். கிளம்பும் நேரம் வரும்வரை அக்கா அந்த விமானியின் படத்தைப் போட்டாள். வைக்கோல் போர், நாய், வேலி. விரல் அழுந்தியது. எப்போதும் டிவியை அணைத்துவிடுகிறவள் அன்று அணைக்கவில்லை. "வந்து பாத்துக்கலாம்" என்றாள். காலைத் தூக்கியபடி நின்றவனை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

காவி வேட்டி ஒன்பதாம் அறையில் தங்கியிருந்த போலந்துக்காரரிடம் கேட்டு வாங்கியது. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன இடது கையை மறைக்க ஒரு காவித் துண்டு. மூன்று நாள் தாடி வேறு. வீக்கத்தால் பளபளத்த முகம் அந்த வேஷத்துக்கு ஒரு ஒளியைக் கொடுத்தது. அதுதான் வினையாகும் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

சந்து வாசலில் முதல் தடுப்பு. அக்கா மூட்டையோடு முன்னால் போனாள். காவலர் நாற்காலியைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார், கம்பைத் தூக்கி வழிவிட்டார். நான் நாற்காலியைத் தள்ளினேன். அக்கா திரும்பவில்லை, ஆனால் அவள் பின்கழுத்து சிரித்தது எனக்குத் தெரிந்தது.

சாலையில் எதிரே ஜனம், ஜனம், ஜனம். செருப்பில்லாத கால்கள். "அரோகரா" சத்தம். சாலை ஓரமாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தோம். இரண்டு பக்கமும் பந்தல்கள். எல்லாப் பந்தலிலும் மோர், பானகம், தண்ணீர். யாரும் காசு கேட்கவில்லை. தாகத்தோடு ஒருவனை இதைவிடக் கொடுமையான சாலையில் தள்ளிக்கொண்டு போக முடியாது. ஒரு பந்தலிலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்து மோர் டம்ளரை முருகையன் கையில் திணித்தார். குளிர்ச்சியில் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. முருகையனின் விரல்கள் அதைச் சுற்றி இறுகின. தொண்டை ஏறி இறங்கியது. அக்கா நின்றுவிட்டாள். கூட்டத்தின் நடுவே, ஐந்தாறு பேருக்கு அப்பால் இருந்தாள். அவளால் எட்டிப் பிடுங்க முடியாது.

முருகையன் டம்ளரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மோரைத் தரையில் ஊற்றினார்.

கூட்டம் அதைக் கவனித்துவிட்டது.

"மோரைக்கூடத் தொடல பாரு."

"எதிர்ல வராரும்மா. எதிர்ல! சும்மா வருவாரா?"

ஒருவர் குனிந்து காலைத் தொட்டார். பின்னால் அவர் மனைவி. பின்னால் மூன்று பிள்ளைகள். வீங்கிய காலில் விரல் பட்டதும் முருகையன் முகம் சுளித்தார். அதை அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிமிடத்தில் நாற்காலியைச் சுற்றி வேலிபோல் ஜனம். சக்கரம் ஒரு சாண்கூட நகரவில்லை. தெரு முனையின் தடுப்பும், அதற்கு அப்பால் மாறனின் ஆட்டோவின் மஞ்சளும் கண்ணுக்குத் தெரிகின்றன.

"சாமி, ஒரு வார்த்த சொல்லுங்க."

"வழி... வுடுங்கப்பா" என்றார் முருகையன். மூச்சு பாதியில் அறுந்தது.

வேலூர்க்காரர் ஒருவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? நமக்குத்தான் சொல்றாரு. உன் தம்பிகூடப் பாதைத் தகராறு இன்னாத்துக்கு? வழிய வுட்டுடலாம்."

"ஐயா, அவருக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் நகருங்க" என்று நான் கத்தினேன். "சீடப்புள்ள கோவப்படுது" என்றது ஒரு குரல். பின்னால் இருந்தவர்கள் என்னவென்று தெரியாமலே முன்னால் நெருக்கினார்கள்.

முருகையனின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. மூச்சை இழுக்கும்போது தோள்கள் காதுவரை ஏறின. கண்ணை மூடிக்கொண்டார். "தியானத்துல போய்ட்டாரு" என்று யாரோ சொல்ல, சுற்றி ஓர் அமைதி பரவியது.

அந்த அமைதியில்தான் அக்காவின் குரல் கேட்டது. மூட்டையைப் போட்டுவிட்டாள். ஜனத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தாள். "யோவ், எழுந்திருங்கய்யா! சாமியும் இல்ல ஒன்னும் இல்ல. என் புருசன்யா அவரு!"

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. இரக்கத்தோடு பார்த்தது.

"சம்சாரம் போல. வுட்டுட்டு வந்துட்டாரு, தேடிக்கினு வந்திருக்குது பாவம்."

"வாணாம்மா. அவரு வேற பாதையில போய்ட்டாரு. மனசத் தேத்திக்க."

இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அன்பாகத்தான் பிடித்தார்கள், அதனால்தான் உதற முடியவில்லை. ஒருத்தி அவள் கண்ணைக்கூடத் துடைத்துவிட்டாள். அக்கா அவர்கள் கைகளுக்குள் திமிறினாள். "வுடுங்கடி! செத்துப்புடுவாருடி!" அவள் வலது கை என் பக்கம் நீண்டது. கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தியது. அங்கே அழுத்துவதற்கு எதுவும் இல்லை.

எப்படிப் பிய்த்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. முந்தானை அந்தப் பெண்களின் கையில் இழுபட, நாற்காலியின் மேல் வந்து விழுந்தாள். முருகையனின் இடது தோளிலிருந்து காவித் துண்டை உருவி எறிந்தாள். அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தாள். முழங்கைக்குக் கீழே கயிறு முறுக்கினாற்போல் புடைத்த நரம்பு. அதன்மேல் வரிசையாக ஊசித் தழும்புகள். இரண்டு வருடமாக அவள் பார்க்க மறுத்த கை.

"பாருங்க! இதப் பாருங்க!"

முன்வரிசை பின்வாங்கியது. பாம்பு தீண்டியதா என்று ஒருவர் கேட்டார். மோர்ப் பந்தலிலிருந்து பெரிய கரண்டியோடு எட்டிப் பார்த்த ஒரு பெண் அந்தக் கையைக் கண்டதும் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். அடி அண்ணாமலையைச் சேர்ந்த திரௌபதி. பெயரெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

"ஏ, மெஷின் கையிடா இது! என் தம்பிக்கும் இதே கைதான்!" குனிந்து முருகையன் முகத்தைப் பார்த்தாள். "தண்ணி ஏறிக்கிச்சு. மோரு குடுத்தவன் எவன்டா? கொல்லப் பாத்தீங்களேடா பாவிங்களா! நவுருங்க!"

கரண்டி காற்றில் சுழன்றது. மோர்த்துளி முகத்தில் பட்டவர்கள் விலகினார்கள். சாமியிடம் உபதேசம் வாங்கிய வேலூர்க்காரர் முதல் ஆளாக நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "தூக்கு, தூக்கு, தள்ளினா லேட்டு!" ஆறு பேர் தோளளவுக்குத் தூக்கிவிட்டார்கள். அக்கா அவர் கையை விடாமல் பக்கத்திலேயே ஓடினாள். முன்னால் கரண்டி. தடுப்பில் நின்ற காவலர், "யாரு, இன்னா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இருபது வாய்கள் ஒன்றாகச் சொல்லின: "பேஷண்ட் சார்!" தடுப்புக்கட்டை தூக்கப்படவில்லை, முருகையன்தான் அதற்கு மேலே தூக்கப்பட்டார்.

ஆட்டோவில் ஏற்றும்போது அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "சொன்னேன்ல" என்று முனகினார். "என் படம்."

மருத்துவமனையில் ஊசிக்காரத் தம்பி விபூதியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மெஷின் சுற்றத் தொடங்கிச் சிவப்பு ஓடியபோது அக்கா வெளியே போகவில்லை. மூட்டை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரம் நின்றாள். சாயங்காலத்துக்குள் முருகையன் படுத்துத் தூங்கினார். உட்கார்ந்தபடி அல்ல, படுத்து.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம். அறை வேலையெல்லாம் முடிந்திருந்தது. தொலைந்த விரிப்புகளுக்கு முதலாளியிடம் திட்டு வாங்கியாகிவிட்டது. பௌர்ணமிக் குப்பையைச் சாலையில் கூட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து "தம்பி" என்று குரல் வந்தது. போனேன். திரையில் வைக்கோல் போர்.

நாய் குரைத்தது. விமானி ஓடத் தொடங்கினான். அக்காவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. முருகையன் சுவர்ப் பல்லியைப் பார்த்தார். விமானி தூக்கிய காலைக் கீழே வைத்தான். அடுத்த காலைத் தூக்கினான். வேலியில் சட்டை மாட்டியது, கிழித்துக்கொண்டான். மணல். தோட்டாச் சத்தம். அலைக்கு நடுவே ஒரு படகு. படகிலிருந்து ஒரு கை நீண்டு அவனை உள்ளே இழுத்தது.

"இன்னா சொல்றான்?" என்றாள் அக்கா.

"நனைஞ்சிட்டியேன்னு கேக்குறாங்கக்கா."

ஒரு மாலுமி அவன்மேல் கம்பளியைப் போர்த்தினான். குனிந்து அடுப்பிலிருந்து எதையோ எடுத்தான். கெட்டில். கட்டைவிரல் பழக்கத்தில் பக்கத்துப் பொத்தானுக்குத் தாவியது. கட்டிலில் முருகையன் நிமிர்ந்தார். விரல் அழுந்தவில்லை. பெரிய பீங்கான் குவளையில் ஆவி எழும்பியது. விமானி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தான். நடுவில் நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தான்.

"பாலே ஊத்தல பாரு" என்றார் முருகையன் மெதுவாக.

அக்கா ரிமோட்டைத் தரையில் கவிழ்த்து வைத்துப் புறங்கையால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.